நன்னீர் மோட்டாரை உப்புநீருக்கு விற்கலாமா?

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோது தோணிக்காரர்கள் பட்ட பாட்டை நமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே பற்றரியில் ஓடும் சிறு மோட்டாரின் பக்கம் அவர்களது பார்வை திரும்புமானால் அதில் வியப்பில்லை. புகையில்லை, சத்தமில்லை, எண்ணெய்ச் செலவுமில்லை.

ஆனால் இவ்வகையில் மலிவானவை பெரும்பாலும் ஏரிகளுக்கென்று செய்யப்பட்டவை. அமெரிக்காவின் 'மின் கோட்டா' நிறுவனமே நன்னீருக்கு 'என்டியூரா', உப்புநீருக்கு 'ரிப்டைட்' என இரு வரிசைகளை வைத்திருக்கின்றது. இதைச் சொல்லாமல் கதிரவெளிக்காரர் ஒருவருக்கு நன்னீர் மோட்டாரை விற்பது, குறையை மறைத்து விற்பதே என்பது எனது கருத்து. கடன்பட்டு வாங்குபவராயின், மோட்டார் போன பின்னும் தவணை போகாது.

கதிரவெளிக்குக் கிழக்கே கடல். வடக்கே மகாவலியின் கிளையான வெருகலாறு, தெற்கே பனிச்சங்கேணிக் களப்பு. மாரி வெள்ளத்தில் களப்பின் உவர் குறையும், கோடையில் ஏறும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரில் அலுமினிய உடலும் துருப்பிடிக்காத உருக்குத் தண்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அதுவே ஒரு பற்றரியாகிவிடும். அரிபடுவது அலுமினியம்தான்.

அதற்குப் பதிலாகத் தான் கரைந்து காக்கும் உலோகக் கட்டியைப் பூட்டுவது பழைய வைத்தியம். 1824இல் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன வழி இது. வழமையாக நாகக் கட்டியே பூட்டுவார்கள். கடலுக்கு அது சரி. உவர் குறைந்த நீரில் அதன்மேல் ஓடு படிந்து வேலை நின்றுவிடும். மக்னீசியமோ உப்பில் வெகு விரைவாகக் கரைந்து தீரும். மாரிக்கும் கோடைக்கும் நீர் மாறும் களப்புக்கு, இதற்கென்றே வார்த்த அலுமினியக் கலவைக் கட்டிதான் பொருத்தம்.

ஆனால் வெளி அரிப்பை விட மோசமான எதிரி தங்கூசி. வலையிலிருந்து அறுந்த இழை காற்றாடிக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சீலை அறுத்துவிடும். உப்புநீர் உள்ளே போனால் எந்தக் கட்டியாலும் காப்பாற்ற முடியாது. காற்றாடியை அடிக்கடி கழற்றிப் பார்க்குமாறு வாங்குபவரிடம் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் மோட்டாரை நீரிலிருந்து தூக்கி, பற்றரி வயரைக் கழற்றி, நல்ல நீரால் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீரே உவர்ப்பு. அதனால் கழுவினால் பயன் குறைவு. வயர் முனைகளுக்குக் கிறீஸ் பூசுவது நன்று.

மோட்டாரை இறக்கும் வியாபாரி சீலையும் கட்டியையும் சேர்த்தே இறக்கட்டும். எந்த நீருக்கான மோட்டார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதட்டும். கட்டி பாதி கரைந்ததும் மாற்றும்படியும், அதற்கு ஒருபோதும் வர்ணம் பூச வேண்டாமென்றும் கையோடு சொல்லிவிடட்டும். வர்ணம் பூசிய கட்டி கரையாது, மோட்டார்தான் கரையும்.