ஈர மண்ணில் ஒரு தபால்பெட்டி

1973 மார்ச். இங்கிலாந்தின் வட எல்லையில் விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டை மேட்டில், ராபின் பேர்லி வடிகாலுக்காகப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். கறுத்த சேற்றில் மரச்சீவல் போல ஏதோ தட்டுப்பட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டு மெல்லிய தகடுகளைப் பிரித்தால், உள்ளே மையால் எழுதிய எழுத்து! டர்ஹாம் பல்கலைக்கழக நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் காற்றுப் பட்டு மரம் கறுத்து, எழுத்தும் மறைந்துவிட்டது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்த பிறகுதான் வரிகள் மீண்டும் தெரிந்தன.

சீஸரின் போர் ரகசியம் எதுவும் அதில் இல்லை. காலுறை, செருப்பு, உள்ளாடை. யாரோ ஒரு சிப்பாய்க்கு யாரோ அனுப்பிய பார்சலின் விவரம்.

அன்று தொடங்கி இதுவரை 1,700க்கும் மேற்பட்ட எழுத்துப் பலகைகள் அங்கே கிடைத்துள்ளன. பலகை என்றதும் கனமாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். அஞ்சலட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன். நம் ஊர் ஓலைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். நம்மவர்கள் எழுத்தாணியால் கீறினார்கள். ரோமானியர்கள் பேனாவை மையில் தொட்டு எழுதி, நடுவே மடித்து, வெளிப்புறம் முகவரி எழுதி அனுப்பினார்கள்.

நனைந்து கொண்டே இருக்கும் ஊரில் 1,900 ஆண்டுகளாக மரம் மக்காமல் இருந்தது எப்படி? ஈரம்தான் அதைக் காப்பாற்றியது. கி.பி. 85 வாக்கில் இங்கே முதல் மரக்கோட்டை எழுந்தது. பக்கத்தில் கிழக்கு மேற்காக 117 கிலோமீட்டர் ஓடும் புகழ்பெற்ற ஹேட்ரியன் சுவரின் வேலை 122இல்தான் ஆரம்பமாயிற்று. ஒரு படை போய் இன்னொரு படை வரும்போதெல்லாம் பழைய கோட்டையை இடித்து, அதன் மேல் களிமண்ணும் புல்கட்டியும் பரப்பிப் புதிதாகக் கட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். அடியில் சிக்கியவற்றுக்குக் காற்றே போகவில்லை. காற்றில்லாத இடத்தில் அரிக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. 5,000க்கும் மேற்பட்ட தோல் செருப்புகளும் குத்துச்சண்டைக் கையுறையும் கழிப்பறையின் மர இருக்கையும் தப்பிப் பிழைத்தது இப்படித்தான்.

கடிதங்கள் பிழைத்ததில் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. 105 வாக்கில் பட்டாவியர் படைக்கு டான்யூப் நதிப் பக்கம் போக உத்தரவு வந்தது. புறப்படும் அவசரத்தில் பழைய காகிதங்களை, அதாவது பலகைகளை, குவித்துத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். பாதி எரிந்த நிலையில் தீ அணைந்துவிட்டது. அணைத்தது மழையாக இருக்க வேண்டும் என்பது அகழ்வாளர்களின் ஊகம். வடக்கு இங்கிலாந்தின் மழையை அறிந்தவர்கள் இதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

படித்தவர்கள் ஆலன் போமன், டேவிட் தாமஸ் என்ற இரு அறிஞர்கள். அவர்கள் படித்துக் காட்டிய ஆவணங்களில் ஒன்று, ஒரு மே 18ஆம் தேதி எடுத்த ஆள் கணக்கு. துங்க்ரியர் முதல் படையில் ஏட்டில் இருப்பவர்கள் 752 பேர். வெளி வேலையாகப் போனவர்கள் 456. கோட்டையில் மீதி 296. அதில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய்க்காரர்கள் 10. வேலைக்குத் தகுதியானவர்கள் 265. சினிமாவில் வரும் ரோமானியப் படை எப்போதும் முழு எண்ணிக்கையில் அணிவகுத்து நிற்கும். எல்லைப்புற நிஜம், மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய ஆட்களும் சிவந்த கண்களும்தான்.

இவர்கள் ரோம் நகரத்தவரும் அல்ல. பட்டாவியர் இன்றைய ஹாலந்தின் ரைன் நதி முகத்துவாரத்திலிருந்தும், துங்க்ரியர் இன்றைய பெல்ஜியத்திலிருந்தும் வந்தவர்கள். ஜெயிக்கப்பட்டவர்களைக் கொண்டே அடுத்தவர்களை ஜெயிக்கும் வித்தை. இந்தியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்கள் சண்டை போடும் விதம் பற்றிய ஒரு குறிப்பில், அவர்களை 'பிரிட்டுன்குலி' என்கிறார் எழுதியவர். அற்பப் பிரிட்டன் பயல்கள் என்று பொருள் கொள்ளலாம். பின்னாளில் ரோமானியத் தூண்கள் வைத்துக் கல்கத்தாவில் மாளிகை எழுப்பியவர்களின் மண்ணைப் பற்றிய பேச்சு இது.

அதிகாரத்தின் இன்னொரு முகத்தை ஒரு வணிகரின் மனுவில் பார்க்கலாம். பிரம்பால் அடித்திருக்கிறார்கள், சரக்கைக் கொட்டிவிட்டதாகவும் தெரிகிறது. முறையிடப் போனால் தளபதிக்கு உடல்நிலை சரியில்லை. தான் கடல் கடந்து வந்தவன், குற்றமற்றவன், தன்னை அடித்தது தகாது என்று மன்றாடுகிறார். மனு பேரரசர் ஹேட்ரியனுக்கே எழுதப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள். தானியக் கணக்கு எழுதிய பலகையின் பின்புறத்தில் எழுதிய நகல் இது. உள்ளூர்க்காரன் என்றால் அடிக்கலாம் போலும்!

தளபதி செரியாலிஸின் வீட்டுக் கடிதங்கள் வேறு உலகம். இன்னொரு அதிகாரியின் மனைவியான கிளாடியா செவேரா, செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி செரியாலிஸின் மனைவி லெபிடினாவை அழைக்கிறார். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகள் மட்டும் வேறு கையெழுத்து, கொஞ்சம் தடுமாறும் எழுத்து. அது செவேராவின் கை. லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதியதில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று. மஸ்க்லஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, தன் ஆட்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று தளபதிக்கு எழுதுகிறார். 2017இல் அதே பெயரில் இன்னொரு பலகை கிடைத்தது. அதில் விடுப்பு கேட்கிறார்!

தமிழ் வாசகர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய ஒரு வரியும் உண்டு. படைவீரர்களின் கொள்முதல் கணக்கு ஒன்றில், டப்போவின் மகன் கம்பாக்ஸ் 2 டெனாரியஸுக்கு மிளகு வாங்கியதாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு போனது சேர நாட்டுக் கரையிலிருந்து. முசிறியில் கப்பலேறி, செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் நைல் நதிக்குப் போய், அலெக்ஸாண்ட்ரியா வழியாக ஐரோப்பாவின் குறுக்கே பயணப்பட்டு, கடைசியில் குளிரில் நடுங்கும் ஒரு சிப்பாயின் கஞ்சியில் விழுந்திருக்கிறது. தூதுவரோ அரசரோ சம்பந்தப்படாத இந்த ஒற்றை வரி, பெரிய வணிக வரலாறுகளைவிட அழுத்தமாகப் பேசுகிறது.

1929இல் இந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் ராபினின் தந்தை எரிக் பேர்லி. இன்று அகழ்வை நடத்துபவர் ராபினின் மகன் ஆண்ட்ரூ. மூன்று தலைமுறை தோண்டியும் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அவசரமில்லை, மண்ணைவிடப் பாதுகாப்பான பெட்டகம் ஏது என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. அந்த நிம்மதி போய்விட்டது. கடும் மழையும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வருவதில் சதுப்பு காய்கிறது. வெடிப்புகளின் வழியே காற்று இறங்குகிறது.

சில மைல் மேற்கே, ஒரு காலத்தில் சிரியா நாட்டு வில்லாளிகள் தங்கியிருந்த மாக்னா கோட்டையில் கரிச்சதுப்பு உலர்ந்து தரையே தாழ்ந்து வருகிறது. அதனால் 2023இல் அங்கே ஐந்தாண்டு அகழ்வு தொடங்கியது. ஈரத்தையும் அமிலத்தன்மையையும் அளக்கும் கருவிகளை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். 2025இல் ஓர் அகழியின் அடியில் 32 சென்டிமீட்டருக்கும் அதிக நீளமான செருப்பு ஒன்று தோல் கெடாமல் வெளிப்பட்டது. இன்னும் எத்தனை கோடைகளை அந்த அகழி தாங்கும் என்பதைத்தான் கருவிகள் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன.