சைக்கிளுக்கு ஓரம் விடுங்கள்!

ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். மலை ஏற வேண்டாம். காடு தாண்ட வேண்டாம். ஆனாலும் மூச்சு வாங்கும், முழங்கால் பேசும். அப்படி ஒரு பாதை சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதுதான் மரக்காணம்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். தலையில் ஹெல்மெட், கையில் உறை, முதுகில் தண்ணீர்ப் பை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் கூட்டம் கிளம்பிவிடுகிறது. மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி அலுத்துப்போனவர்கள், "அடுத்து எங்கே?" என்று கேட்கிறார்கள். கழுவேலியை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்பது நல்ல பதில்.

கழுவேலி குளம் குட்டை அல்ல. தென்னிந்தியாவில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கிறது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அது சேர்ந்தது.

மத்திய ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவைகளுக்கு அது தங்கும் சத்திரம். பூநாரையும், கூழைக்கடாவும், உள்ளானும், ஆலாவும் அங்கே இரை தேடும். டிக்கெட் இல்லாத கண்காட்சி!

எப்படிப் போவது?

சுற்றுப் பாதை ஒரு முக்கோணம். புதுச்சேரியிலிருந்து மரக்காணம், மரக்காணத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து மறுபடி புதுச்சேரி. ஒவ்வொரு பக்கமும் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் வரும். மொத்தம் நூறைத் தாண்டிவிடும். நடுவே கழுவேலி.

"சமதரைதானே! மிதித்தால் போச்சு!" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் காற்றை மறந்துவிட்டார்கள். இந்தக் கரையில் மேடு பள்ளம் இல்லை; அதற்குப் பதில் காற்று இருக்கிறது. எதிர்க்காற்றில் சமதரையும் மலைதான்.

பறவைகள் வரும் மார்கழி, தை மாதங்களில் வடக்கிலிருந்து வாடை அடிக்கும். பொழுது ஏறினால் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே எந்த ஊரில் தொடங்குவது, எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில்தான் சூட்சுமம்.

முதல் நாள் இரவே புதுச்சேரிக்குப் போய்விட வேண்டும். காலை 5 மணிக்குக் கிளம்பி, கூனிமேடு, அனுமந்தை வழியாக வடக்கே மிதிக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்று அடங்கியிருக்கும். கார் கூட்டமும் குறைவு. மரக்காணத்தை நெருங்கும்போது சூரியன் எழும்பும். சாலையோர உப்பளங்கள் கண்ணாடி போல மின்னும்.

அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினால் முருக்கேரி, பிரம்மதேசம், திண்டிவனம். வெயிலும் முதுகில், கடல் காற்றும் முதுகில். திண்டிவனத்தில் தெற்கே திரும்பினால் கிளியனூர் வழியாகப் புதுச்சேரி வரை வாடையே தள்ளிக்கொண்டு போகும். இதையே தலைகீழாகச் சுற்றினால், களைத்துப்போன நேரத்தில் காற்று நெஞ்சில் மோதும்.

குடிதண்ணீர் கையோடு இருக்க வேண்டும். உப்புக் காற்றில் தாகம் அதிகம். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்று பம்பு, முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை கட்டாயம். மழையும் புயலும் ஓய்ந்த பிறகே கிளம்ப வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

இவ்வளவு திட்டம் போட்டாலும் ஒன்று மட்டும் சைக்கிள்காரரின் கையில் இல்லை. அதுதான் சாலை!

ஓரம் எங்கே?

காரும் பஸ்ஸும் லாரியும் பறக்கும் சாலையில் சைக்கிளுக்கு மிஞ்சுவது ஓரத்து மண்தான். ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய படகுகள் பக்கிங்காம் கால்வாயில் போயின. கால்வாயின் தெற்கு முனையே மரக்காணம்தான். இப்போது உப்பும் லாரியில் போகிறது. பின்னால் ஹாரன் அடித்தால், சைக்கிள்காரர் மண்ணில் இறங்கித்தான் உயிர் பிழைக்க வேண்டும்.

ஞாயிறு மட்டும் வருகிறவருக்கே இந்தக் கதி என்றால், தினம் போகிறவருக்கு?

உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. கண் கூசும், கால் எரியும். அதனால் இருட்டிலேயே ஆணும் பெண்ணும் நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள். அவர்களிடம் ஹெல்மெட் ஏது? சைக்கிளில் விளக்குக்கூட இருக்காது. லாரிக்காரர் கண்ணுக்கு அவர்கள் தெரிய வேண்டாமா?

ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சைக்கிளும், உப்புக் காற்றில் துருப்பிடித்த சைக்கிளும் ஓடுவது ஒரே சாலையில். உயிர் இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்திருக்கிறது. மரக்காணம்–புதுச்சேரி நான்குவழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. நீளம் 46 கிலோமீட்டர். செலவு 2,157 கோடி ரூபாய். சாலை அகலமாவது நல்லதுதான். ஆனால், அகலமாகும் சாலையில் வேகமும் கூடும். சைக்கிளுக்கு இடம் ஒதுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால், யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியாத சங்கதியும் அல்ல. இந்திய சாலைகள் காங்கிரஸ் 1962-லேயே அதற்கு வழிமுறை எழுதி வைத்திருக்கிறது. 2015-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. புத்தகத்தில் இருப்பது தரைக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

2,157 கோடியில் சைக்கிளுக்கு ஒரு தனி ஓரம் போட முடியாதா? ஊர் வரும் இடங்களில் சாலையைக் கடக்கப் பாதுகாப்பான வழி வைக்க முடியாதா? உப்பளப் பகுதியில் விளக்குப் போட முடியாதா? அந்த விளக்கும் சாலையை மட்டும் பார்த்து எரிய வேண்டும். பறவை உறங்கும் நீர்ப்பரப்பில் அடிக்கக் கூடாது. கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு இடிப்பதென்றால் இரட்டைச் செலவு.

வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை!

உப்பளம் விளையாட்டு மைதானம் அல்ல. பாத்தியின் வரப்பு ஒருவருடைய உழைப்பு. "படம் எடுக்கணும்" என்று அதில் சைக்கிளை ஏற்றினால் வரப்பு உடையும். பாத்தி நீர் வீணாகும். சரணாலயத்துக்குள் நுழைய 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வனத்துறையைக் கேட்டுப் போக வேண்டும். ஏரிக்குள் சைக்கிள் விடுவதும், பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும், கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதும் வீரம் அல்ல. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவைக்கு ஓய்வுதான் உணவு மாதிரி.

இன்னொன்று. மழைக்காலத்தில் உப்பு விளையாது. வேலையும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுப்பதே அதனால்தான். அந்தக் கஷ்ட காலம் முடிகிற சமயத்தில்தான் சைக்கிள் பயணிகள் வருவார்கள். ஊரில் ஒரு டீ, ஒரு தட்டு இட்லி, ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினால், அந்தக் காசு நேரே ஓர் அடுப்புக்குப் போகும். நகரத்திலிருந்தே பிஸ்கட் கட்டி வந்து காகிதத்தை மட்டும் ஊரில் போட்டுவிட்டுப் போவது நியாயமா?

சுற்றுலா என்றால் ஓட்டலும் நீச்சல் குளமும்தான் என்று நினைக்க வேண்டாம். புகை விடாத, சத்தம் போடாத, பறவையை விரட்டாத சுற்றுலா சைக்கிள் சுற்றுலா. அதற்கு மாளிகை வேண்டாம். நாலு முழ அகலத்தில் ஓர் ஓரம் போதும்.

அந்த ஓரத்தில் ஞாயிறு காலை நகரத்துக்காரர் மிதிப்பார். திங்கள் காலை உப்பளத்துக்காரர் மிதிப்பார். இருவரும் வீடு திரும்புவார்கள்.

நெடுஞ்சாலை அதிகாரிகள் வரைபடத்தை இன்னொரு முறை விரித்துப் பார்க்கட்டும். சைக்கிளுக்கு ஓரம் விடட்டும்!