படிக்கப்படாத ஏடுகள்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரை கடந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மறுநாள் விடிந்த விடியலை இந்நகரத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். மயிலாப்பூரில் நான் வசிக்கும் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. என் மாணவர்கள் பலருடைய வீடுகளுக்குள் வந்தது. கல்லூரி மீண்டும் திறந்தபோது முதலாண்டு மாணவி ஒருத்தி, நனைந்து காய்ந்த தன் பாடநூலைக் கொண்டுவந்து காட்டினாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செங்கல்லைப்போல் இறுகியிருந்தன. வேறு புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். அத்துடன் அந்த விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு சென்னை வெள்ளத்தைப் பற்றிய தனது 198ஆவது அறிக்கையை அவைகளின் முன் வைத்தது. ஏரிகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் நிகழ்ந்த ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பேரழிவில் பெரும் பங்கு உண்டு என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. தெருமுனையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த உண்மைதான். ஆனால் தெருமுனைப் பேச்சும், அதிகாரிகளை அழைத்து விசாரித்தபின் நாடாளுமன்றக் குழுவொன்று எழுதிவைக்கும் வாக்கியமும் ஒன்றல்ல. பின்னது சாட்சியம்.

அவ்வறிக்கையை நான் படித்தது மிகவும் தாமதமாகத்தான். அச்சிட்டு வகுப்புக்கு எடுத்துச்சென்றேன். அதே மாணவி, அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தாள், புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எங்க வீட்டப் பத்தித்தானே சார் எழுதியிருக்காங்க? இத தமிழ்ல எங்க படிக்கலாம்?”

எங்கும் படிக்க முடியாது என்பதே அதற்கு விடை. நிலைக்குழு அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவருகின்றன. சென்னையின் வெள்ளத்தைப் பற்றிய அறிக்கையும் அந்த இரு மொழிகளில்தான்.

அரசின் கொள்கைகளை நாடாளுமன்றம் ஒழுங்காக ஆராய்வதில்லை என்பது நம் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் புகார். அதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே நான் வைக்க விரும்புவது அதற்கு முந்தைய ஒரு புகாரை. ஆராய்ந்தபோதும் நாம் படிக்கவில்லை. படிக்கக்கூடிய மொழியில் அது நமக்குத் தரப்படவுமில்லை. யார் பெயரால் ஆய்வு நடக்கிறதோ அவர்களால் வாசிக்க முடியாத ஆய்வு பாதி ஆய்வுதான்.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கப்பட்டன. முதலில் 17; 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடப்பவை. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. “பல்லில்லாப் பாம்பு” என்று இவற்றை நண்பரொருவர் சொல்வார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், 2012 மே மாதத்து மருந்து அறிக்கையைப் படிக்கும்வரை.

அது சுகாதார நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை. புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது. குழு 42 மருந்துகளின் கோப்புகளைக் கேட்டது. அவற்றுள் மூன்று கோப்புகள் கிடைக்கவில்லை. 2008 ஜனவரியிலிருந்து 2010 அக்டோபர் வரை 33 மருந்துகள், இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலேயே அனுமதி பெற்றிருந்தன. எனினும், தமிழாசிரியனாகிய என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு பகுதி. ஒரு மருந்து நல்லதென்று வெவ்வேறு ஊர்களின் மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியே எழுதியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்களைக் குழு அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. அப்படியானால் எழுதிய கை ஒன்று. கையெழுத்திட்ட கைகள் பல.

இது பதிப்பாசிரியர்கள் செய்யும் வேலையல்லவா? பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பெரியவரின் பொறுமைதான். ஏட்டோடு ஏட்டை ஒப்பிடுவது. இரண்டு பிரதிகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு மூலத்திலிருந்து எழுதப்பட்டவையாக இருக்கலாம் என்று ஐயுறுவது. ஐயத்தை மறைக்காமல் அடிக்குறிப்பில் எழுதுவது. தில்லியில் ஒரு குழு அதே முறையால் ஒரு மோசடியைக் கண்டிருக்கிறது. அறிக்கை வெளிவந்த சில நாட்களில் அமைச்சகம் வல்லுநர் மூவரைக்கொண்ட குழுவொன்றை அமைக்க நேர்ந்தது. பல் இல்லைதான், ஆனால் கண் இருந்தது.

இனி, தமிழ்நாட்டைச் சுட்ட ஒரு பொருளுக்கு வருகிறேன். இந்திய மருத்துவக் கழகத்தைப் பற்றிய 92ஆவது அறிக்கையை இதே சுகாதாரக் குழு 2016 மார்ச்சில் வெளியிட்டது. மருத்துவக் கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு வேண்டும் என்று அது வலுவாகப் பரிந்துரைத்தது. பணத்தின் வலிமை அல்ல, தகுதியே அளவுகோலாக வேண்டும் என்பது அதன் வாதம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: விலகி நிற்க விரும்பும் மாநிலங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் அதைக் கொண்டுவரலாம், விலகிய மாநிலங்கள் பின்னர் சேர விரும்பினால் வழி இருக்கட்டும்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் முதற்பாதி நிலைத்தது, பிற்பாதி காணாமற்போனது. நம் சட்டமன்றம் விலக்குக் கேட்டு 2017இலும் 2021இலும் மசோதாக்கள் நிறைவேற்றியதும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமல் போனதும் எல்லோரும் அறிந்த கதை. இத்தனை ஆண்டுகளில் நீட் பற்றி எத்தனை பட்டிமன்றங்கள், எத்தனை தொலைக்காட்சி விவாதங்கள்! நான் கேட்டவற்றுள் ஒன்றில்கூட அந்த வாக்கியம் எடுத்துச் சொல்லப்படவில்லை. நேர்மையாகச் சொன்னால், அவ்வறிக்கை இரு தரப்புக்குமே சங்கடம் தருவது. தேர்வை ஆதரிப்போர் விலக்கு பற்றிய வரியையும், எதிர்ப்போர் பணம் கொழித்த பழைய முறையைப் பற்றிய பக்கங்களையும் எதிர்கொள்ளவேண்டியிருக்கும். அந்தச் சங்கடம்தான் நமக்கு வேண்டும். அது தமிழில் இருந்திருந்தால் நம் கூச்சல் கொஞ்சம் குறைந்து, வாதம் கொஞ்சம் கூடியிருக்கும்.

மொழி என்பது இங்கே உணர்ச்சிப் பிரச்சினை அல்ல, நடைமுறைப் பிரச்சினை. 2020 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால் முதலில் ஆங்கிலமோ இந்தியோ கற்கவேண்டும். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. மத்திய அரசு அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கருத்துக் கேட்பதும், கேட்கப்படுவோருக்குப் புரியாமல் கேட்பதும் ஒரே நாளில் நடக்கிற நாடு நம்முடையது.

ஆராயும் பழக்கமே தேய்ந்துவருகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். 2009 முதல் 2014 வரையிலான 15ஆவது மக்களவையின் காலத்தில், மசோதாக்களில் நூற்றுக்கு 71 குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் அது 16 ஆகச் சுருங்கியது. புதிய கல்விக் கொள்கைக்கு 2020 ஜூலை 29 அன்று, அவைகள் கூடியிராத ஒரு நாளில், அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2023இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா, அதற்கென இருந்த சுற்றுச்சூழல் நிலைக்குழுவைத் தாண்டித் தனியொரு கூட்டுக் குழுவுக்குப் போனது. அக்குழு ஒரு மாற்றமும் சொல்லாமல் திருப்பியனுப்பியது. உறுப்பினர் சிலரின் மறுப்புக் குறிப்புகள் மட்டும் அறிக்கையின் பின்பகுதியில் இருக்கின்றன. அவற்றையும் யாரும் படிப்பதில்லை. படிக்கப்படாத ஒன்று நின்றுபோனால் அதற்காக யார் வருந்துவார்கள்? இந்தத் தேய்வில் நம் அலட்சியத்துக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மாறான ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் ஔவை இல்லத்தையும் கடந்து செல்வோர் முத்துலட்சுமி ரெட்டியை மருத்துவராக நினைவுகூர்வார்கள். அவர் சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர். அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனை முதல் தேவதாசி முறை ஒழிப்பு வரை அவையில் பேசினார். 1930இல் பதவி துறந்தார். தம் அவை அனுபவத்தை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். ஆனால் தேவதாசி ஒழிப்பு அவைக்குள் அடங்கிவிடவில்லை. தமிழ் இதழ்களில் அது பேசப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதையே பொருளாக்கி ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். சட்டம் வந்தது 1947இல். இருபதாண்டுகள் அந்த விவாதம் அணையாமல் இருந்ததற்கு, அது தமிழுக்குள் வந்துவிட்டதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அறிக்கை வேறு, இலக்கியம் வேறு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ருஷ்ய நாவல்களையும் லத்தீன் அமெரிக்கக் கதைகளையும் கூலி எதிர்பாராமல் மொழிபெயர்த்த சிறுபத்திரிகை மரபு நம்முடையது. தொலைவிலுள்ள துயரத்தை நம் மொழிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு, சைதாப்பேட்டையின் துயரத்தைக் கொண்டுவருவது முடியாத காரியமா? மயிலாப்பூரும் தியாகராய நகரும் வேளச்சேரியும் அடங்கிய தென்சென்னைத் தொகுதி 2019இலும் 2024இலும் ஒரு தமிழ்க் கவிஞரைத்தான் மக்களவைக்கு அனுப்பியது. அவையில் தமிழில் பேச வழியுண்டு. குழு அறிக்கைகளும் தமிழில் வரவேண்டும் என்று நம் உறுப்பினர்கள் கட்சி கடந்து கேட்கலாம். அதுவரை ஆண்டுக்கு ஓர் அறிக்கையை நாமே மொழிபெயர்க்கலாம். முழுவதும் வேண்டாம், பரிந்துரைகளும் மறுப்புக் குறிப்புகளும் போதும்.

மொழிபெயர்த்தால் ஏரிகள் மீண்டுவிடுமா என்று கேட்டால், விடாது. ஆனால் அடுத்த வெள்ளத்தின்போது “யாருக்கும் தெரியாது” என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. வெள்ள அறிக்கையின் பரிந்துரைப் பகுதியைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் படி அவளுக்கு. எட்டாண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியது.