வசவாகிப்போன உழைப்பு

இணையத்தில் கூட்டாக ஆடும் விளையாட்டுகளில் ஆட்டம் தெரியாதவரை 'நூப்' என்பார்கள். நாலு நாள் பழகி ஆடக் கற்றுக்கொண்டால் அந்தப் பெயர் போய்விடும். பிறந்த நாட்டைச் சொல்லி ஒட்டும் பெயர் அப்படிப் போவதில்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் கூடவே வரும். இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'சைனீஸ் ஃபார்மர்' என்றொரு வசவு உண்டு. 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் தங்கக் காசு சேர்க்க நிறைய நேரம் பிடிக்கும். நேரமில்லாத அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அந்தக் காசை நிஜப் பணம் கொடுத்து வாங்கினார்கள். சேர்த்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனத்து இளைஞர்கள். கணினி முன் 12 மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். 2007-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய கணக்குப்படி, 100 காசு சேர்த்த ஒரு தொழிலாளிக்குக் கிடைத்தது சுமார் 1.25 டாலர். அதே காசு கடைசியில் 20 டாலர் வரை விலைபோனது.

வாங்கியவருக்குப் பட்டப்பெயர் இல்லை. லாபம் பார்த்த தரகருக்கும் இல்லை. உழைத்தவருக்கு மட்டும் வசவு. 'லினியேஜ் 2' ஆட்டத்தில் இந்தத் தொழிலாளர்கள் பெண் குள்ளர் உருவத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த உருவத்தில் யார் வந்தாலும் விரட்டினார்கள். வேலைமீது வந்த இளப்பம் நாட்டின்மீது ஏறி, கடைசியில் உடம்பில் ஒட்டிக்கொண்டது. தீண்டாமை வேறென்ன?

பறையர் என்ற மக்கள் பெயரே 'பரையா' என்று ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் அகராதியில் இருக்கிறது. 2005-இல் அந்தப் பெயரில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டும் வந்தது. அந்தச் சொல் யாருடைய பெயர் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. இந்திக் குரல் கேட்டதும் 'வடக்கன்' என்கிறார்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் பிழைக்க வந்தவர்களை ஊரில் எப்படி அழைக்கிறோமோ, அதே சொல்தான் ஆட்டத்துக்குள்ளும் போகிறது. அப்படி வருகிறவர்களில் பலர் தலித்துகள், பழங்குடியினர். நம்மைச் சுட்ட நெருப்பை நாமே எடுத்து அவர்கள்மேல் போடலாமா?

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற சமாதானம் ஊர் டீக்கடையிலேயே நாம் கேட்டுப் புளித்தது. பட்டியல் சாதியினரைப் பிற சாதியினர் பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் பேசி வெளியிடும் இழிசொல்லும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது.

மாணவர்களே, ஆடுங்கள், ஜெயியுங்கள். யாராவது சாதியைச் சொல்லித் திட்டினால் பதிவு செய்து வைத்துப் புகார் கொடுங்கள். உங்கள் குழுவில் ஒருவன் 'வடக்கன்' என்றால், முதலில் தடுப்பவர் நீங்களாக இருங்கள்.