பழைய காருக்குப் புதுக் குழாய் எதற்கு?

காருக்கும் மூச்சு உண்டு. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே அளவு இடத்தில், 50 டிகிரி காற்றைவிட 30 டிகிரி காற்று 6 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக அடங்கும். இது உண்மை. இதைச் சொல்லித்தான் 'கோல்டு ஏர் இன்டேக்' என்ற பளபளக்கும் குழாயையும், கூம்பு பில்டரையும் விற்கிறார்கள்.

மாருதி 800 காரைப் பாருங்கள். 1983-ல் வந்தது, 2014-ல் தயாரிப்பு நின்றது. இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. என்ஜின் வெறும் 796 சி.சி. அதற்கு வேண்டிய காற்றைக் கம்பெனி வைத்த பெட்டியே கொடுத்துவிடும். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜின் பக்கத்திலேயே கூம்பை மாட்டினால் என்ன ஆகும்? ரேடியேட்டர் சூட்டையே என்ஜின் குடிக்கும்! பெயர்தான் குளிர்காற்று, போவது வெந்த காற்று.

"சத்தம் ஜோராக இருக்கிறதே, அப்பா!" என்பான் மகன். ஆமாம், சத்தம் கூடும். வேகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கார்புரேட்டர் வண்டியில், காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். ஜெட்டை மாற்றாவிட்டால் என்ஜின் தடுமாறும்.

மழைக்காலம் வேறு இருக்கிறது. குழாயின் வாய் பம்பர் அருகே தாழ்வாக இருந்தால், தெருவில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

பந்தயக் காருக்கு இது சரி. அங்கே என்ஜின் முழுவதையும் மாற்றி அமைக்கிறார்கள். ஆபீசுக்கும் கோவிலுக்கும் போகிற காருக்கு எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல ஏர் பில்டரும் ஸ்பார்க் பிளக்கும் வாங்கிப் போடலாம். மீதியை வீட்டுச் செலவுக்குக் கொடுத்தால் அம்மாவும் கோபிக்கமாட்டாள்.