ஒண்டியாய்ப் போகலாமா?

பனிக்காலத்தில், புல் பூண்டு இல்லாத மலையில், முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒருவன் தனியே நடக்கிறான் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "தின்ற சோறு செரிக்கவில்லை போலும்" என்று சிரிக்கிறோம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

எங்கள் வீடு ஆம்பூரில். ஓர் அறை, ஆறு பேர். அப்பா டேனரியில் வேலை செய்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த இருபது வயதுக்குள் நான் தனியாக இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனிமை என்பதும் ஒரு சொத்துதான், நண்பர்களே! தனியறை உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

சென்ற தை மாதம் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைச் சாலையில் காவலூர் வரை தனியே நடந்தேன். பேருந்து ஓடும் சாலைதான், வீரப்பிரதாபம் ஒன்றுமில்லை. முதல் ஒரு மணி நேரம் பயமாக இருந்தது. பிறகு என் காலடி ஓசை எனக்கே கேட்டது. அதுவரை கேட்டதில்லை.

காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தை நாம் அறிவோம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், வேறொரு வானாய்வகத்தையும் நடத்துகிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? அது பாலைமலை. மேகம் குறைவு, காற்றில் ஈரமும் இல்லை. லே நகரில் ஓராண்டு முழுதும் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவுதான். வானியலாருக்கு வரமான அந்த வறட்சி, நடப்பவனுக்கு எமன். நிலத்தின் வெப்பம் இரவில் தப்பிப் போகாமல் போர்வைபோல் தடுப்பது காற்றிலுள்ள நீராவி. அது இல்லாததால் பனிக்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்கும். மூச்சுக்குக் கிடைக்கும் காற்றும் நம் ஊரில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான்.

அங்கே குளிரை விடப் பெரிய சிக்கல் தண்ணீர். கண்ணெதிரே உறைந்து கிடக்கும்; குடிக்க முடியாது. பூஜ்ய டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூஜ்ய டிகிரித் தண்ணீராக்க 80 கிலோ கலோரி வேண்டும் என்று வகுப்பில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த வெப்பம் இங்கே 20 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். நாம் டீ போட்டு முடிக்கும் எரிபொருளில் அவனுக்குத் தண்ணீர் மட்டுமே கிடைக்கும்! ஆகவே தனியே போகிறவன் எத்தனை நாள், எத்தனை லிட்டர், எவ்வளவு எரிபொருள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும் என்பது கூட ஒரு பாடம்தான். பனிக்கட்டி மேலே மிதப்பதால் மூடிப்பக்கம் உறையாது.

பாலை என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர் வேனிலோடு பின்பனிக் காலத்தையும் பாலைக்கு உரியதாக்கினார். பனியில் பாலை கடப்பது தமிழனுக்குப் புதிதன்று.

"ஒண்டியா போவாதடா, நாலு பேரோட போ" என்கிறார் அம்மா. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் கூட்டமாகப் போனவர்கள்தாம். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூட்டம் மட்டுமே காப்பாகிவிடாது. ஆனாலும் அம்மாவின் பேச்சைத் தள்ளிவிட நான் தயாரில்லை. கால் பிசகினால் ஓடிப்போய்ச் சொல்ல இன்னோர் ஆள் வேண்டாமா? எந்த வழி, எந்த நாள் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அதற்கு ஓரளவு ஈடு. யூடியூபைப் பார்த்துவிட்டு முதல் பயணமே பனிக்கால லடாக், அதுவும் தனியே என்று புறப்படும் நண்பர்களை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில் நம் மலைகளில் நடக்கட்டும். அப்புறம் கோடையில், துணையோடு லடாக். தனிமை அதற்கும் பிறகு. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆம்பூரில் தைத்த ஷூக்கள் ஐரோப்பாவில் நடக்கின்றன. அவற்றைத் தைத்த வீட்டுப் பிள்ளைகள் ரப்பர் செருப்போடு ஊரைச் சுற்றியுள்ள மலைகளை வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, விளையாட்டுத் துறை இருக்கிறது. குளிர் தாங்கும் படுக்கைப் பை நான்கு, முதுகுப் பை நான்கு, சிறிய அடுப்பு ஒன்று, இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் சில - இவற்றை வாங்கி வைத்து, நூலகப் புத்தகம் போல மாணவர்களுக்கு இரவல் கொடுத்தால் என்ன?