தறி வீட்டுக்குப் பட வரிசை எதற்கு என்பவர்களுக்கு

எழுந்ததும் பல் துலக்குவது, குளிப்பது, சாப்பாடு, அங்கன்வாடி, விளையாட்டு, தூக்கம் என்று குழந்தையின் நாளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக மாட்டும் வழக்கத்தைப் பற்றிப் பேசினால், பள்ளிபாளையம், இளம்பிள்ளை பக்கம் பலரும் சொல்வது ஒன்றுதான்: தறி ஓடும் வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடக்காது, அங்கே இது நிற்காது.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஏழு மணியும் தெரியாது, எட்டு மணியும் தெரியாது. அடுத்து என்ன என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே பட வரிசைக்குக் கடிகாரமே தேவையில்லை. சோறு ஒரு மணி நேரம் தாமதமாகலாம், சோற்றுக்குப் பிறகு தூக்கம் என்பது மாறாமல் இருந்தால் போதும்.

சொல்லப்போனால் ஷிப்ட் மாறும் வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. அம்மா இந்த வாரம் பகல் தறிக்குப் போகிறார், அடுத்த வாரம் இரவுத் தறிக்கு. அப்பா நாமக்கல்லிலிருந்து லாரியில் வடக்கே போயிருப்பார், அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருப்பார். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரிவது, கண் விழித்தபோது அம்மாவைக் காணோம் என்பது மட்டும். அதன் அடத்தில் பாதி பயம். எழுந்தால் அம்மாயி இருப்பார், பால் குடித்து விளையாடி முடித்தால் அம்மா வருவார் என்று முந்தின இரவே ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்டுங்கள். படங்களைப் பசை போட்டு ஒட்டிவிடாமல் கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டினால், ஷிப்ட் மாறும்போது அம்மாவின் படத்தையும் இடம் மாற்றலாம். வரும் நாள் உறுதியாகாமல் அப்பாவின் படத்தை மட்டும் மாட்ட வேண்டாம். ஒரு படம் பொய்த்தால் மற்றப் படங்களையும் குழந்தை நம்பாது.

வாயால் சொன்னால் போதாதா என்றும் கேட்கிறார்கள். சொன்ன சொல் அப்போதே போய்விடும். படம் அங்கேயே இருக்கும், குழந்தை தானே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான முறை இது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. 1970களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் போன்றோர் அந்தப் பிள்ளைகளுக்காகவே இதைச் செம்மைப்படுத்தினார்கள். ஆனால் அவர்களோடு நின்றுவிடவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழகம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். கற்றல் ஏணியில் இருந்த படச் சின்னங்களைப் பார்த்து, தன் அடுத்த அட்டை எது என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளை தானே கண்டுபிடித்தது. நம் அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்தது அது.

குழந்தை இயந்திரமாகிவிடும் என்ற அச்சத்துக்கு, பட வரிசையின் நடுவே ஒரு வெற்று அட்டையை மாட்டினால் போதும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

செலவும் இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். முதலில் ஐந்து படங்களோடு தொடங்குங்கள். அடுத்த ஷிப்ட் மாறுவதற்குள், குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து வரைந்துவிடுங்கள்.